கேஸ் கீசர் பற்றிக்கொள்கிறது, உடனே அணைகிறது: அது என்ன சொல்ல வருகிறது?

டிக் டிக் டிக்... டப். சின்ன ஓட்டை வழியாக நீல வெளிச்சம் தெரிகிறது. வெந்நீர் வருகிறது. தலைக்கு ஷாம்பு போட்டுக் கண்ணை மூடும் நேரத்தில் சத்தமே இல்லாமல் அந்த வெளிச்சம் காணாமல் போகிறது. மார்கழி மாதத்தில் அதற்குப் பிறகு ஷவரில் வருவது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இந்த அனுபவம் ஒருமுறையாவது இருக்கும். பெரும்பாலும் காரணம் அற்பமானது, ஒரு ஜோடி பேட்டரியோடு முடிந்துவிடும். ஆனால் எல்லா நேரமும் அப்படி இல்லை. அது அணைவதால்தான் நீங்கள் உயிரோடு வெளியே வருகிறீர்கள் என்ற நிலையும் உண்டு. எது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வாடகைக்கு இருக்கும் நண்பர் ஒருவர் போன குளிர்காலத்தில் போன் செய்தார். ஒரகடத்தில் வேலை, காலை ஷிப்டுக்கு ஐந்தரைக்கெல்லாம் கிளம்ப வேண்டும். வீடு, ஒரு காலத்தில் தறி போட்டிருந்த வீடு. தறி இருந்த முன்கூடம் இப்போது ஹால். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருப்பதால் பக்கவாட்டில் சன்னல் கிடையாது. பின்பக்கம் திறந்து கிடந்த முற்றத்துக்கு கான்கிரீட் போட்டு, அதற்குள் குளியலறை கட்டியிருக்கிறார்கள். முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன கேஸ் கீசர் அந்தக் குளியலறைக்குள்ளேயே இருந்தது.

"ஏழு, எட்டு நிமிஷம் நல்லா எரியுது. அப்புறம் அணைஞ்சிடுது. பேட்டரி ரெண்டு தடவை மாத்திட்டேன், சிலிண்டரும் புதுசு" என்றார். மெக்கானிக் வந்து பார்த்திருக்கிறார். "மேல ஒரு சேஃப்டி சென்சார் இருக்கு சார், அதுதான் கட் பண்ணுது. அந்த ரெண்டு ஒயரையும் ஒண்ணா முறுக்கி விட்டுடறேன், அப்புறம் அணையவே அணையாது" என்று சொல்லி 400 ரூபாய் கேட்டிருக்கிறார். அந்த ரேட் நியாயமா என்று கேட்கத்தான் நண்பர் போன் செய்தார்.

நான் கேட்டது ஒரே கேள்வி: "கதவைக் கொஞ்சம் திறந்து வெச்சிட்டு ஓட்டினா அணையுதா?"

அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "இல்லையே. கால் மணி நேரமா எரிஞ்சுக்கிட்டே இருக்கு."

அதாவது அந்த கீசரில் பழுதே இல்லை. பழுது குளியலறையில் இருந்தது.

*கீசர் ஏன் அணைகிறது?*

காஞ்சிபுரம் போன்ற கோயில் ஊர்க்காரர்களுக்கு அணையா விளக்கு பழக்கமான விஷயம். ஒரு நந்தா விளக்கு எரிய 90 ஆடுகள் கொடுத்ததாகச் சோழர் காலக் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும். நெய் தீரக் கூடாது, சுடர் அணையக் கூடாது என்பதுதான் அங்கே ஏற்பாடு. கேஸ் கீசரின் ஏற்பாடு நேர் எதிர். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் அணைந்துவிட வேண்டும் என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள்.

குழாயைத் திறந்ததும் கீசருக்குள் தண்ணீர் பாய்கிறது. அந்த வேகத்தில் உள்ளே இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் தள்ளப்பட்டு ஒரு சின்ன சுவிட்சை அழுத்துகிறது. சுவிட்ச் போட்டதும் எலெக்ட்ரானிக் போர்டு தீப்பொறி விடுகிறது; அந்த டிக் டிக் சத்தம் அதுதான். அதே சமயம் கேஸ் வால்வு திறக்கிறது, பர்னர் பற்றிக்கொள்கிறது.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். பர்னருக்கு மேல் ஒரு மெல்லிய உலோகக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். தீயின் வழியாக மிக மிகச் சிறிய மின்சாரம் பாயும் என்பது பலருக்குத் தெரியாது. அந்தக் கம்பி சுடருக்குள் இருக்கும்வரை போர்டுக்கு அந்த மின்சாரம் கிடைத்துக்கொண்டிருக்கும். 'தீ எரிகிறது, வால்வைத் திறந்தே வை' என்பதற்கான சாட்சி அது. சாட்சி காணாமல் போனால் அடுத்த சில விநாடிகளில் வால்வு மூடிவிடும். இல்லையென்றால் எரியாத கேஸ் அறைக்குள் நிரம்பும்.

பழைய பைலட் மாடல்களில் இந்த வேலையைத் தெர்மோகப்பிள் செய்யும். குமிழை அழுத்திப் பிடித்து அரை நிமிடம் காத்திருந்தால்தான் அது சூடாகி வால்வைப் பிடித்துக்கொள்ளும். கையை எடுத்ததும் அணைந்தால், ஒன்று நீங்கள் அவசரப்பட்டிருக்கிறீர்கள், இல்லை தெர்மோகப்பிள் தேய்ந்துவிட்டது. இவை இப்போது நம்மூர் வீடுகளில் அபூர்வம்.

இதற்கு மேல் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் நிறுத்த ஒரு சென்சார் இருக்கும். 20 நிமிடம் தொடர்ந்து ஓடினால் தானாக நிறுத்தும் டைமரும் பல மாடல்களில் உண்டு. உங்கள் கீசர் சரியாக 20 நிமிடத்தில் அணைகிறது என்றால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். குளியலைச் சீக்கிரம் முடியுங்கள்.

*எப்போது அணைகிறது என்று கவனியுங்கள்*

போனில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறதல்லவா, அதை எடுத்துக்கொள்ளுங்கள். பாதி நோயை அதுவே கண்டுபிடித்துவிடும்.

பற்றிய சில விநாடிகளிலேயே அணைகிறதா? முதல் சந்தேகம் பேட்டரி. பெரும்பாலான கீசர்களில் பெரிய டார்ச் பேட்டரி இரண்டு இருக்கும், சேர்த்து 3 வோல்ட். தீப்பொறி விடுவதும் வால்வைத் திறந்து வைத்திருப்பதும் இந்த இரண்டின் தலையில்தான். பேட்டரி பாதி செத்த நிலையில் பொறி வரும், பற்றியும்விடும், வால்வைப் பிடித்து வைக்க மட்டும் தெம்பு இருக்காது. டிக் டிக் சத்தம் மந்தமாகக் கேட்டால் அதுதான். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று பழசு ஒன்று புதுசு என்று போடாதீர்கள். சாதாரண பேட்டரியைவிட ஆல்கலைன் கூடுதல் நாள் தாங்கும். பெட்டிக்குள் ஸ்பிரிங்கில் பச்சையாகப் பூத்திருந்தால் சுரண்டித் துடையுங்கள். குளியலறை ஈரத்தில் இது சகஜம்.

பேட்டரி புதிது, ஆனாலும் அதே சில விநாடிகளில் அணைகிறது என்றால், சாட்சி சொல்லும் கம்பியில் கரி படிந்திருக்கலாம். கரிப்படலம் மின்சாரத்தைத் தடுத்துவிடும். தீ எரிந்தாலும் போர்டுக்குத் தெரியாது. கேஸை மூடி, பேட்டரியைக் கழற்றி, கீசர் ஆறிய பிறகு, ஜீரோ நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் சரியாகிவிடும். கவரைக் கழற்றிப் பழக்கமில்லை என்றால் ஆளைக் கூப்பிடுங்கள். ஆனால் ஒரு விஷயம்: கரி ஏன் வந்தது? நன்றாக எரியும் நீலச் சுடர் கரி விடாது. கம்பியைத் துடைத்து இரண்டு மாதத்தில் மறுபடி அதே தொல்லை என்றால், பர்னர் அடைப்பு அல்லது காற்றுப் பற்றாக்குறை என்று அர்த்தம். பர்னரில் தூசியும் சிலந்தி வலையும் சேரும். கோடை முழுக்கச் சும்மா கிடந்த கீசரை ஐப்பசியில் திடீரென்று போட்டால் இது நடக்கும்.

சமையலறையில் யாராவது குழாயைத் திறந்ததும் அணைகிறதா? அது தண்ணீர்ப் பிரச்னை.

*பாலாறும் உப்பும் டேங்க் உயரமும்*

டயாஃப்ரத்தைத் தள்ளும் அளவுக்குத் தண்ணீர் வேகம் இல்லையென்றால் கீசர் பற்றாது, அல்லது பற்றி அணையும். பல மாடல்களுக்கு நிமிடத்துக்கு இரண்டு, இரண்டரை லிட்டராவது பாய வேண்டும். ஒரு லிட்டர் பாட்டிலை வெந்நீர்க் குழாயில் பிடியுங்கள். 25 விநாடிக்குள் நிரம்பினால் நல்லது. அரை நிமிடத்தைத் தாண்டினால் குற்றவாளி கிடைத்துவிட்டார்.

ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் தண்ணீர் அழுத்தம் 0.1 பார் அளவு கூடும். அதனால் டேங்க் கீசருக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம். கீழ்வீட்டில் குறையில்லாமல் ஓடிய கீசர், மேல்மாடிக்குக் குடிபோனதும் மக்கர் செய்யும். டேங்க் தலைக்கு மேலேயே மூன்றடி உயரத்தில் உட்கார்ந்திருக்கும், அழுத்தம் எங்கிருந்து வரும்? அங்கே ஒரு சின்ன பிரஷர் பம்ப் வைப்பதோ டேங்கை உயர்த்துவதோதான் வழி. கீசரை மாற்றிப் பயனில்லை.

காஞ்சிபுரத்தில் வேகவதியும் பாலாறும் பெரும்பாலும் மணலாகத்தான் கண்ணில் படும். ஊர் குடிப்பதும் குளிப்பதும் நிலத்தடி நீரை நம்பித்தான். போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்று ஷவரைப் பார்த்தாலே தெரியும், துளைகளைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும். அதே உப்பு கீசருக்குள்ளும் படிகிறது. தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பிரிந்து செம்புக் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். குழாய் குறுகும், வேகம் குறையும், குறைந்த தண்ணீர் அதிகம் சூடாகும், ஓவர்ஹீட் சென்சார் நிறுத்தும். 'ரெண்டு நிமிஷம் கொதிக்கக் கொதிக்க வருது, அப்புறம் அணையுது' என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் விளக்கம்.

நீங்களே செய்யக்கூடியது: கீசருக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு குட்டி ஜல்லடை இருக்கும். வால்வை மூடி, நட்டைக் கழற்றி, அதை எடுத்துக் கழுவுங்கள். ஷவர் தலையைக் கழற்றி ஒரு இரவு வினிகரில் ஊறவையுங்கள். செம்புக் குழாய்க்குள் படிந்த உப்பை எடுப்பது மெக்கானிக் வேலை. கீசருக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஒழுகினால் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். சின்னச் செலவில் மாற்றிவிடலாம்.

*மார்கழி காலையில் மட்டும் அணைகிறதா?*

ஒரு கணக்கு போடலாம். நிமிடத்துக்கு 6 லிட்டர் கீசர் முழு வேகத்தில் ஓடும்போது ஏறக்குறைய 12 கிலோவாட் வெப்பம் எரிகிறது. சமையலறை ஸ்டவ்வின் பெரிய பர்னர்கள் ஐந்தாறை ஒரே நேரத்தில் முழுசாகத் திறந்து வைத்ததற்குச் சமம். மணிக்கு 900 கிராமுக்கு மேல் எல்பிஜி போகும்.

சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியாகித்தான் குழாய்க்கு வர வேண்டும், ஆவியாக வெப்பம் வேண்டும், அந்த வெப்பத்தை அது சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுக்கிறது. சிலிண்டர் கடைசிக் கட்டத்தில் இருந்து, காலைக் குளிரும் சேர்ந்துகொண்டால், கேட்ட அளவு ஆவி வராது. சிலிண்டரின் அடியைத் தொட்டுப் பாருங்கள், ஜில்லென்று வேர்த்திருக்கும். கேஸ் குறைய, சுடர் சிறுக்க, கம்பியை விட்டு விலகி, அணைந்துவிடும். மத்தியானம் போட்டால் அதே கீசர் ஒழுங்காக எரியும்.

'ஸ்டவ் நல்லாத்தானே எரியுது' என்பது இங்கே பதிலாகாது. ஸ்டவ் கேட்பது கொஞ்சம், கீசர் கேட்பது அதைப்போல் பல மடங்கு. ஒரே ரெகுலேட்டரில் இரண்டையும் இணைத்து, அம்மா தோசை வார்க்கும்போது நீங்கள் குளித்தால், தோசைதான் ஜெயிக்கும். ரப்பர் குழாய் மடங்கியிருக்கிறதா, ரெகுலேட்டர் முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். புது சிலிண்டர் மாட்டியதும் இரண்டு மூன்று முறை பற்றாமல் போவது இயல்பு, குழாயில் நின்ற காற்று வெளியேற வேண்டும்.

கேஸ் போதவில்லை என்று ஹோட்டல் அடுப்புக்கான ஹை பிரஷர் ரெகுலேட்டரை மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வீட்டு கீசர் ஏறக்குறைய 30 மில்லிபார் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டது. காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இப்போது குழாய்வழி இயற்கை எரிவாயு இணைப்புகளும் வருகின்றன. எல்பிஜி கீசரை அப்படியே அதில் மாட்டினாலும் சுடர் நிற்காது. இரண்டுக்கும் அழுத்தம் வேறு, ஜெட் துளை வேறு. அந்தக் கேஸுக்கென்றே உள்ள மாடல் வேண்டும்.

*கதவைத் திறந்தால் எரிகிறது என்றால்*

இப்போது நண்பரின் குளியலறைக்கு வருவோம். ஐந்தடிக்கு நாலடி, எட்டடி உயரம். 160 கன அடி, நாலரை கன மீட்டர் காற்று. 12 கிலோவாட் கீசர் ஒழுங்காக எரிய நிமிடத்துக்கு 0.2 கன மீட்டர் காற்றில் உள்ள ஆக்சிஜன் முழுவதும் வேண்டும். வெளிக்காற்று வரவே வழியில்லை என்று வைத்துக்கொண்டால், பத்து நிமிடத்தில் அந்த அறையின் பாதி ஆக்சிஜன் காலி. அந்த எல்லைக்குப் போவதற்கு வெகுமுன்பே, மூன்று நான்கு நிமிடத்திலேயே, 21 சதவீதம் இருந்த ஆக்சிஜன் 18-ஐ ஒட்டி இறங்கிவிடும். சுடர் மஞ்சளாகித் தள்ளாடும். எரிதல் அரைகுறையாகி, கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் கார்பன் மோனாக்சைடு வரத் தொடங்கும். கதவு இடுக்கில் கொஞ்சம் காற்று வருவதால் நிஜத்தில் நேரம் சற்று கூடும், அவ்வளவுதான்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனை இல்லை. 'கேஸ் வாசம் வந்தா தெரியாதா?' என்று கேட்பார்கள். எல்பிஜியின் நாற்றம் அதில் வேண்டுமென்றே கலக்கும் மெர்கேப்டானால் வருவது. எரிந்தால் அதுவும் போய்விடும். நமது ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் ஆசையோடு கார்பன் மோனாக்சைடைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் சுலபத்தில் விடாது. லேசான தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால் தளர்வது. கதவைத் திறந்து வெளியேற வேண்டும் என்று தோன்றும்போது தாழ்ப்பாளை நீக்கும் தெம்பு கையில் இருக்காது.

இந்தியாவில் நரம்பியல் மருத்துவர்கள் இதற்கு 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்றே பெயர் வைத்துக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். குளியலறையில் மயங்கிக் கிடந்தவர்களை வலிப்பு என்று நினைத்து அழைத்து வருவதும், பிறகு விசாரித்தால் வீட்டில் கேஸ் கீசர் இருப்பதும் அவற்றில் வருகிறது. 2023 மார்ச்சில் மும்பை காட்கோபரில், ஹோலி விளையாடிவிட்டுக் குளிக்கப் போன தம்பதி குளியலறையில் இறந்து கிடந்தனர். கேஸ் கீசர்தான் காரணமாக இருக்கும் என்று முதலில் சந்தேகிக்கப்பட்டது. 2025 அக்டோபரில் மைசூரு மாவட்டம் பிரியாபட்டணத்தில் இரண்டு சகோதரிகள் இறந்தபோதும் இதே பேச்சு எழுந்தது. வட இந்தியக் குளிருக்கு உரிய விஷயம் என்று நாம் இதைத் தள்ளிவைக்க முடியாது. குளிர் காரணமில்லை, மூடிய கதவுதான் காரணம்.

நண்பரின் கீசரில் என்ன நடந்தது? ஆக்சிஜன் குறைந்ததும் சுடர் கம்பியை விட்டு எழும்பியிருக்கும், அல்லது வெளியேற வழியில்லாத சூட்டுப்புகை திரும்பி மேல் சென்சாரைத் தொட்டிருக்கும். எதுவானாலும் அது நிறுத்தியது சரியான நேரத்தில். அந்த இரண்டு ஒயரையும் முறுக்கிவிட்டிருந்தால் மெக்கானிக் சொன்னபடி அணையவே அணையாமல் எரிந்திருக்கும். அவருடைய ஏழு வயது மகளும் அதே அறையில்தான் குளிக்கிறாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அணைகிறதே, அதனால் பாதுகாப்பு என்றும் நம்பிவிடக் கூடாது. ஆக்சிஜன் குறைவதைக் கண்டுபிடிக்கும் தனி சென்சார் எல்லா கீசரிலும் இல்லை. தீயைப் பார்க்கும் கம்பி மட்டும் உள்ள மாடலில், சுடர் மஞ்சளாகி விஷவாயு வெளியேறிக்கொண்டே இருக்கலாம். கம்பிக்கு அதுவும் தீதான்.

*எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதாதா?*

போதாது. உள்ளே காற்று வர வழியில்லாமல் வெளியே மட்டும் இழுத்தால் ஃபேன் சும்மா சுற்றும். மேலும் கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், பேட்டரியில் ஓடும் கீசர் நிற்காது. விடிகாலையில் கரண்ட் போவது நம் ஊரில் அதிசயமா என்ன?

பட்டுக்குச் சாயம் போடும் இடத்தைப் பார்த்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். பட்டு நூலின் பசை போக சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும், நூல் எடையில் கால் பங்கு வரை அதில் கரைந்துபோகும். பிறகு சாயக் கொப்பரை. நாளெல்லாம் நெருப்போடு வேலை. அந்த நெருப்பை யாரும் தாழிட்ட அறைக்குள் வைப்பதில்லை, புகை போக வழிவிட்டுத்தான் வைக்கிறார்கள். குளியலறைக்குள் கீசரை மாட்டும்போது மட்டும் அது நெருப்பு என்பதே நமக்கு மறந்துவிடுகிறது. பார்க்க வெள்ளைப் பெட்டியாக, ஃபிரிட்ஜுக்குத் தம்பி மாதிரி இருப்பதால் இருக்கலாம்.

கீசர் குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும். கொல்லைப்புறச் சுவர், திறந்த பால்கனி, சன்னல் உள்ள வராந்தா, எங்கேயும் சரி. வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். உள்ளேதான் வைத்தாக வேண்டும் என்றால் புகைக்குழாய் மூலம் வெளியே விடும் மாடல் வேண்டும். நம் கடைகளில் விலை மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலும் அது இருக்காது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் தரையை ஒட்டியும் ஒரு காற்று வழி தேவை. சிலிண்டர் குளியலறைக்குள் கூடவே கூடாது.

வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள். எல்பிஜியில் ஓடும் சிறிய வீட்டு கீசர்களுக்கான தர எண் ஐஎஸ் 15558. ஆரஞ்சு நிற சுரக்ஷா குழாயை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தேதி குழாயிலேயே அச்சிட்டிருக்கும். கசிவு சந்தேகம் என்றால் சோப்புநீர் தடவிப் பாருங்கள், தீக்குச்சி வேண்டாம். வாசனை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள். அது எல்பிஜி கசிவுக்கான 24 மணி நேர எண்.

பிரிட்டனில் வாடகை வீட்டின் கேஸ் கருவிகளை ஆண்டுக்கு ஒருமுறை பதிவு பெற்ற ஆளை வைத்துச் சோதித்துச் சான்று தருவது வீட்டு உரிமையாளரின் சட்டப்படியான கடமை. நம் வாடகை ஒப்பந்தங்களில் கீசர் பற்றி ஒரு வார்த்தை இருந்தால் அது 'ஒன்று' என்ற எண்ணிக்கையாக மட்டுமே இருக்கும். எனவே குடிபோகும் முன் எங்கே மாட்டியிருக்கிறது என்று நீங்களேதான் பார்க்க வேண்டும். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் கையோடு எடுத்துப் போகலாம்.

*ஒருவேளை யாராவது மயங்கிவிட்டால்?*

முதலில் கதவைத் திறங்கள், இல்லை உடையுங்கள். குழாயை மூடினால் கீசர் நின்றுவிடும். அவரைத் திறந்தவெளிக்குத் தூக்கி வாருங்கள், 108-ஐ அழையுங்கள். நீங்களும் உள்ளே அதிக நேரம் நிற்காதீர்கள்.

மருத்துவமனையில் மறக்காமல் சொல்ல வேண்டிய வாக்கியம்: "குளியலறையில் கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்தது." கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் எல்லோர் வீட்டிலும் இருக்கும். அதை விரலில் மாட்டி, 98 காட்டுகிறது, பயமில்லை என்று இருந்துவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அந்தக் கருவி ஆக்சிஜன் ஏறிய ரத்தமாகவே படிக்கும். சரியான அளவு ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வைத்துச் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரம் போதும். 'கொஞ்ச நேரம் படுத்தால் சரியாகிவிடும்' என்று வீட்டில் வைத்துக்கொள்வதற்கும் உடனே போவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

நண்பர் வீட்டு உரிமையாளர் அக்காவிடம் பேசினார். முதலில் "இத்தனை வருஷமா யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்றார். கணக்கைச் சொன்னதும், அவரே பிளம்பரைக் கூட்டி வந்தார். கீசர் இப்போது கொல்லைச் சுவரில், மழை படாமல் ஒரு சின்ன தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது. பன்னிரண்டு அடி குழாய் கூடுதலாகப் போட வேண்டியிருந்தது; செலவை இருவரும் பாதிப் பாதி பிரித்துக்கொண்டார்கள். கீசர் அணைவதில்லை. குழாய் நீண்டதால் முதல் அரை பக்கெட் பச்சைத் தண்ணீராகத்தான் வருகிறது என்று நண்பர் இன்னமும் குறைப்பட்டுக்கொண்டிருக்கிறார். அதைப் பிடித்துக் கொல்லையில் இருக்கும் முருங்கைக்கு ஊற்றுகிறார்களாம்.